சதுரங்கத்தில் எத்தனை தூரம் பார்ப்பது?

சதுரங்க வீரர் எவரையேனும் கண்டால், ஆட்டத்தில் பழக்கமில்லாதவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எத்தனை நகர்த்தல்களை நீங்கள் முன்கூட்டியே பார்ப்பீர்கள்?" என்பதே அது. பத்து என்று விடை வந்தால் வியப்பார்கள்; இருபது என்றால் கை கூப்புவார்கள்; ஒன்றே ஒன்று என்று விடை வந்தால் நம்ப மறுப்பார்கள். ஆயினும், தாம் பார்ப்பது ஒரே ஒரு நகர்த்தல்தான் என்றும், அது சரியான நகர்த்தலாக இருந்துவிடுகிறது என்றும் ஒரு பெருவீரர் நகைச்சுவையாக மறுமொழி கூறியதாகப் பழைய துணுக்கு ஒன்று வழங்கி வருகிறது. கியூபா நாட்டுக் கபபிளாங்கா கூறியது என்பார் சிலர். ரிச்சர்டு ரேட்டி கூறியது என்பார் வேறு சிலர். கூறியவர் எவராயினும், அந்த நகைச்சுவைக்குள் ஓர் உண்மை பொதிந்து கிடக்கிறது. அது யாது என்பதை இவ்வுரையில் ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில், முன்கூட்டிப் பார்ப்பது ஏன் அத்துணைக் கடினம் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். ஆட்டத்தின் தொடக்கத்தில் வெள்ளைக் காய்களை உடையவர் 20 வகையாக முதல் அடி எடுத்து வைக்கலாம். எட்டுச் சிப்பாய்களுக்கு இவ்விரண்டாக 16; இரண்டு குதிரைகளுக்கு இவ்விரண்டாக 4. கறுப்புக்கும் அதே 20 வழிகள் இருப்பதால், இருவரும் ஒருமுறை நகர்த்தி முடிப்பதற்குள் 400 வழிகள் தோன்றிவிடுகின்றன. வெள்ளை மீண்டும் ஒருமுறை நகர்த்தினால் 8,902. கறுப்பும் நகர்த்தினால் 1,97,281. இருவரும் இரண்டே இரண்டு முறை நகர்த்தியதற்குள் ஏறக்குறைய இரண்டு லட்சம் வழிகள்! காய்கள் வெளியே வந்து களம் விரிந்த பிறகு இத்தொகை இன்னும் விரைவாகப் பெருகும்.

மலையாள நாட்டில் அம்பலப்புழைக் கோயிலைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். முதியவர் ஒருவர் அரசனைச் சதுரங்கத்தில் வென்று, முதற் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, அடுத்த கட்டத்துக்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று இரட்டித்து இரட்டித்துத் தரும்படி கேட்டாராம். களஞ்சியம் முழுவதும் காலியாகியும் கடன் தீரவில்லை. வந்தவர் கண்ணபிரானே என்றும், அக்கடனுக்கு ஈடாகவே அங்கே பால்பாயசம் வழங்கப்பெறுகிறது என்றும் கதை முடியும். அறுபத்து நான்காம் கட்டத்தை எட்டும்போது மொத்தத் தொகை இருபது இலக்க எண்ணாகிவிடுகிறது. கட்டத்துக்குக் கட்டம் இரு மடங்காவதற்கே இந்த நிலை என்றால், அடிக்கு அடி முப்பது மடங்காவதை என்னென்பது!

அந்த முப்பது என்ற கணக்கை வைத்து 1950-ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீடு செய்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன். எந்த நிலையிலும் ஏறத்தாழ 30 நகர்த்தல்கள் இயலும் என்று கொண்டால், வெள்ளை ஒன்றும் கறுப்பு ஒன்றுமாக ஒரு சுற்று முடிவதற்குள் சுமார் 1,000 வழிகள் பிறக்கும். ஆட்டம் 40 சுற்று நீடிக்குமென்று கொண்டால், 1 என்ற எண்ணுக்குப் பின் 120 பூஜ்யங்களை இட்டால் எத்தனையோ அத்தனை வழிகள். எல்லா வழிகளையும் பார்த்து முடிப்பது மனிதனுக்கும் ஆகாது, எந்திரத்துக்கும் ஆகாது என்பதை ஷானன் இக்கணக்கால் காட்டினார். ஆகவே, ஆடுகிறவர் எவராயினும் பெரும்பாலான வழிகளைப் பாராமலே விட்டாக வேண்டும். எவற்றை விடுவது என்பதில்தான் வல்லவருக்கும் மற்றவருக்கும் வேறுபாடு தொடங்குகிறது.

இதனை முறையாகச் சோதித்துப் பார்த்தவர் ஹாலந்து நாட்டு உளவியல் அறிஞர் அட்ரியான் டி குரூட். அவரே நல்ல சதுரங்க வீரர். 1939-இல் புவெனஸ் அயர்சில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் தம் நாட்டுக்காக ஆடியவர். உலகச் சாம்பியன்களாக விளங்கிய அலெக்கின், மாக்ஸ் யூவே ஆகியோரையும், கெரஸ் போன்ற பெருவீரர்களையும், அவர்களுக்கு ஒரு படி கீழே இருந்த வீரர்களையும் அணுகி, அவர்களுக்குப் பழக்கமில்லாத ஓர் ஆட்டநிலையைப் பலகையில் அமைத்துக் காட்டினார். மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தக்க நகர்த்தலைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன யாவற்றையும் குறித்துக்கொண்டார். அந்த ஆராய்ச்சி 1946-இல் நூலாக வெளிவந்தது.

பெருவீரர்கள் மற்றவர்களைக் காட்டிலும் பன்மடங்கு தூரம் பார்ப்பார்கள் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். குறிப்புகளை எண்ணிப் பார்த்தபோது அவ்வாறு தெரியவில்லை. ஆராய்ந்த வழிகளின் தொகையிலும், அவற்றின் ஆழத்திலும் இரு வகுப்பாருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பெருவீரர்கள் தேர்ந்தெடுத்த நகர்த்தல் சிறந்ததாக இருந்தது. அவர்கள் ஆராயத் தொடங்கியபோதே ஆராயத் தக்கவற்றை ஆராய்ந்தார்கள். மற்றவர்களோ பயனற்ற வழிகளிலும் அதே அளவு உழைப்பைச் செலவிட்டார்கள். பின்னாளில் நடந்த ஆய்வுகள், திறமை உயர உயர ஆழமும் ஓரளவு கூடுவதையும், சிக்கலான நிலைகளில் வல்லவர்கள் மிக ஆழமாகச் செல்லக் கூடும் என்பதையும் காட்டின. ஆயினும் ஆழம் ஒன்றே வல்லமைக்குக் காரணம் என்ற எண்ணம் மீண்டும் தலைதூக்கவில்லை.

அப்படியாயின் தக்க வழி எதுவென்று வல்லவருக்கு முதற் பார்வையிலேயே எவ்வாறு புலப்படுகிறது? இதற்கும் டி குரூட் ஒரு சோதனை செய்தார். உண்மையான ஆட்டம் ஒன்றின் நிலையைச் சில வினாடிகள் மட்டும் காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து திரும்பச் சொல்லுமாறு கேட்டார். பெருவீரர்கள் ஏறக்குறைய எல்லாக் காய்களையும் அதனதன் இடத்தில் சொல்லிவிட்டார்கள், மற்றவர்கள் திணறினார்கள். 1973-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதனை மேலும் ஒரு படி கொண்டு சென்றார்கள். ஐந்து வினாடி பார்த்த அளவில் வல்லவர் சுமார் 16 காய்களை இடம் மாறாமல் வைத்தார்; புதியவர் சுமார் 4 காய்களை வைத்தார். அடுத்து, காய்களை எவ்வித ஒழுங்குமின்றி இறைத்தாற்போல வைத்துக் காட்டினார்கள். உடனே வல்லவரின் சிறப்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவரும் மூன்று நான்கு காய்களுக்கு மேல் நினைவுகூர இயலவில்லை.

இதிலிருந்து தெரிவது என்ன? வல்லவருக்குப் பொதுவான நினைவாற்றல் நம்மைவிட மிகுதி என்பதன்று. அவர் காய்களைத் தனித்தனியே பார்ப்பதில்லை. கூட்டங் கூட்டமாகப் பார்க்கிறார். அரசனுக்கு அரணாக நிற்கும் மூன்று சிப்பாய்களும், அருகே நிற்கும் யானையும், அவற்றைக் காக்கும் குதிரையும் அவருக்கு ஒரே உருவம். எழுத்தறியாத குழந்தைக்கு ஒரு பக்கம் முழுவதும் கோடுகளும் சுழிகளும். எழுத்துக் கூட்டக் கற்ற குழந்தைக்கு எழுத்துக்கள். நமக்கோ சொற்களும் தொடர்களும். மொழிபெயர்ப்பை நாள்தோறும் அலுவலாகச் செய்துவரும் நாம் இதனை நன்கு அறிவோம். நீண்ட சட்டவாக்கியம் ஒன்று மேசைக்கு வந்தால், அதன் எழுவாயும் பயனிலையும் விலக்கும் நிபந்தனையும் எங்கெங்கே அமர்ந்திருக்கின்றன என்பது சொல்லுக்குச் சொல் படிக்கும் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் இத்தகைய வாக்கியங்களோடு பழகியதன் விளைவே அது. சதுரங்கப் பலகையின் முன் வீரர் பெறும் பார்வையும் அவ்வகைப்பட்டதே.

இனி, ஆட்டத்தின்போது எவ்வளவு தூரம் பார்க்கப்படுகிறது என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு ஒரே எண்ணை விடையாகக் கூற இயலாது. ஆட்டநிலையே அதை முடிவு செய்கிறது. அரசனுக்குச் 'செக்' வைக்கும்போது எதிரியால் செய்யக் கூடியவை மிகச் சில. பல வேளைகளில் ஒன்றே ஒன்றுதான். காயை வெட்டும்போதும் பதிலுக்கு வெட்டியாக வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் எழுகிறது. இத்தகைய கட்டாய நகர்த்தல்கள் தொடர்ந்து வருமானால், கிளைகள் இல்லாத ஒற்றையடிப் பாதையில் நடப்பதைப் போல வெகுதூரம் பார்க்கலாம். கட்டாயம் ஏதுமற்ற அமைதியான நிலையிலோ, இரண்டு மூன்று நகர்த்தல்களுக்கு மேல் பார்ப்பதால் பயன் குறைவு. எதிரி எந்த வழியில் செல்வார் என்பதே தெரியாதபோது, பத்தாவது அடியை எண்ணிப் பார்ப்பது வீண் உழைப்பு. அங்கே வல்லவர் கணக்கிடுவதை விட்டுத் திட்டமிடுகிறார்: எந்தக் காய் சோம்பிக் கிடக்கிறது, எந்தக் கட்டம் பாதுகாப்பற்றது, எந்தச் சிப்பாய் பின்னாளில் சுமையாகும் என்றெல்லாம் சீர்தூக்குகிறார்.

வெகுதூரம் பார்த்ததற்குப் பலரும் எடுத்துக்காட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. 1999 ஜனவரியில் ஹாலந்தின் வைக் ஆன் ஜீ என்ற கடற்கரை ஊரில் காஸ்பரோவும், பல்கேரிய வீரர் டோப்பலோவும் ஆடியது அது. இருபத்து நான்காம் நகர்த்தலில் காஸ்பரோவ் தம் யானையைத் துணிந்து பலியிட்டார். அதன் பின் செக்குமேல் செக்காக வந்த தாக்குதலில், கறுப்பு அரசன் தன் கோட்டையை விட்டு வெளியே இழுக்கப்பட்டுப் பலகையின் குறுக்கே நடந்து, கடைசியில் வெள்ளையின் முதல் வரிசைக்கே வந்து சேர்ந்தான். நாற்பத்து நான்காம் நகர்த்தலில் டோப்பலோவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். இத்தனை தூரத்தின் பெரும்பகுதியை முன்கூட்டிக் காண முடிந்ததற்குக் காரணம், இடையில் வந்தவற்றுள் பல கட்டாய நகர்த்தல்களாக இருந்தமையே.

அந்த ஆட்டத்தில் கவனிக்கத் தக்கது இன்னொன்றும் உண்டு. பலியிட்ட யானையை வெட்டாமல், அரசனை ஒரு கட்டம் அமைதியாக நகர்த்தியிருந்தால் டோப்பலோவ் தப்பியிருப்பார் என்று பிற்கால ஆய்வு காட்டுகிறது. இருபது அடி தொலைவில் இருந்த மாளிகையின் வாயில், முதல் அடியிலேயே அடைபடக் கூடியதாக இருந்தது! எவ்வளவு நீண்ட கணக்காயினும் அதன் வலிமை அதன் முதல் கணுக்களில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வீரர்கள் கணக்கிடும் முறையைப் பற்றியும் ஒரு சொல். ரஷ்யப் பெருவீரர் அலெக்ஸாண்டர் கோட்டோவ் 1970-இல் வெளியிட்ட நூலில் இதற்கென ஓர் ஒழுங்கை வகுத்தார். முதலில் ஆராயத் தக்க நகர்த்தல்களைப் பட்டியலிட்டுக்கொள்ள வேண்டும். பின்னர் ஒவ்வொன்றையும் ஒரு மரத்தின் கிளையாகக் கருதி அதன் நுனி வரை சென்று பார்க்க வேண்டும். பார்த்த கிளைக்குத் திரும்பி வரக் கூடாது என்பது அவருடைய விதி. பயிற்சிக்கு இது சிறந்த ஒழுங்கு. ஆனால் டி குரூட்டின் குறிப்புகளில் பெருவீரர்களே அவ்வாறு நடக்கவில்லை. ஒரு வழியைச் சிறிது பார்த்துவிட்டு வேறொன்றுக்குச் சென்று, மீண்டும் பழைய வழிக்கே வந்து, முன்னைவிட ஆழமாக அதனை ஆராய்ந்தார்கள். கிணறு வெட்டுகிறவர் ஈரம் கண்ட இடத்துக்கே திரும்பி வந்து மேலும் தோண்டுவதைப் போன்றது இது. இரண்டாம் வழியில் கண்ட ஒரு நுட்பம், முதல் வழியின் பொருளையே மாற்றிவிடக் கூடுமன்றோ?

அறிவு கணக்கின் இடத்தைப் பிடித்துக்கொள்வதற்குச் சிறியதோர் உதாரணம் காண்போம். பலகையில் காய்கள் பெரும்பாலும் தீர்ந்து, தொடக்க வரிசையை விட்டு நகர்ந்த ஒரு சிப்பாய் அரசியாக மாறுவதற்குத் தனியே ஓடுகிறது. எதிரரசன் அதைத் துரத்துகிறான். பிடிப்பானா, மாட்டானா? புதியவர் "சிப்பாய் ஓரடி, அரசன் ஓரடி" என்று விரல்விட்டு எண்ணுவார். தெரிந்தவர் எண்ணுவதில்லை. சிப்பாய் நிற்கும் கட்டத்திலிருந்து கடைசி வரிசை வரையுள்ள தூரத்தை ஒரு பக்கமாக வைத்து, அரசன் இருக்கும் திசையில் மனத்துக்குள் ஒரு சதுரம் வரைவார். தன் முறை வரும்போது அரசன் அச்சதுரத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடுமானால், வழியில் தடையில்லாதவரை சிப்பாய் அகப்படும், இல்லையேல் தப்பும். ஐந்து சுற்றுக் கணக்கு ஒரு பார்வையில் தீர்ந்தது. "இவர் ஐந்து நகர்த்தல் முன்னே பார்த்தார்" என்று நாம் வியக்கலாம். அவரோ ஒரு சதுரத்தைத்தான் பார்த்தார்.

எந்திரங்களின் வரலாறும் இதே பாடத்தைத்தான் வேறு வகையில் கற்பிக்கிறது. 1997 மே மாதம் நியூயார்க்கில் காஸ்பரோவை 3½–2½ என்ற கணக்கில் வென்ற 'டீப் புளூ' என்னும் கணிப்பொறி, வினாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. மனிதரோ அதில் கோடியில் ஒரு பங்கும் பார்ப்பதில்லை. இருந்தும் முந்தைய ஆண்டு அதே எந்திரத்தின் முன்னோடியைக் காஸ்பரோவ் 4–2 என்று வென்றிருந்தார். சில நிலைகளையே பார்க்கும் மனிதர், பல கோடி நிலைகளைப் பார்க்கும் பொறியோடு சரிநிகராக நின்றது எதனால்? பார்க்க வேண்டாதவற்றை ஒதுக்கும் ஆற்றலால் அன்றோ? 2017-இல் வெளிவந்த 'ஆல்பாஸீரோ' என்ற பொறி, தனக்குத் தானே ஆடிப் பழகி அனுபவம் பெற்றது. வினாடிக்கு ஏறத்தாழ 80,000 நிலைகளையே ஆராய்ந்த அது, ஏழு கோடி நிலைகளை ஆராய்ந்த 'ஸ்டாக்ஃபிஷ்' என்ற பொறியை 100 ஆட்டங்களில் 28 வென்று, ஒன்றும் தோற்காமல் முறியடித்தது. போட்டி நிபந்தனைகள் சமமாக இருந்தனவா என்ற விவாதம் அப்போது எழுந்ததுண்டு. எனினும், எந்திரத்துக்குங்கூடப் பார்வையின் பரப்பைவிடத் தெரிவின் கூர்மை பயன்தரும் என்பது அதனால் விளங்கியது.

இனி, தொலைவைப் பார்ப்பதைவிட அருகில் இருப்பதைப் பார்ப்பது சில வேளை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஓர் ஆட்டத்தை நினைவுகூர்வோம். 2024 டிசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டம் நடந்தது. சீன வீரர் டிங் லிரென் சாம்பியன். அவரை எதிர்த்தவர் சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயதுக் குகேஷ். பதின்மூன்று ஆட்டங்களின் முடிவில் இருவரும் 6½ புள்ளிகளோடு சமமாக நின்றார்கள். கடைசி ஆட்டத்திலும் காய்கள் பெரும்பாலும் குறைந்து, இருவரிடமும் ஒரு யானையும் ஒரு மந்திரியும் சில சிப்பாய்களுமே எஞ்சியிருந்தன. குகேஷுக்கு ஒரு சிப்பாய் மிகுதி. ஆனால் வெற்றிக்கு அது போதாது, ஆட்டம் சமனாகும் என்றே கண்டோர் கருதினர்.

ஐம்பத்தைந்தாம் நகர்த்தலில் டிங் தம் யானையை எதிரியின் யானைக்கு எதிரே வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன. உடனே குகேஷ் தம் மந்திரியை நகர்த்தி, பலகையின் மூலையில் அடைபட்டிருந்த டிங்கின் மந்திரியோடு மோதவிட்டார். அந்த மந்திரிக்கு ஒதுங்க இடமில்லை, மந்திரிகளும் வெட்டுப்பட்டன. மிஞ்சியவை அரசர்களும் சிப்பாய்களும் மட்டுமே. மிகுதியாயிருந்த அந்த ஒரு சிப்பாய் இப்போது வெற்றிக்குப் போதுமானதாயிற்று. யானை வைத்த கணத்திலிருந்து முடிவு தெளிவாவதற்கு மூன்று சுற்றே ஆயின. ஐம்பத்தெட்டாம் நகர்த்தலோடு டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார்.

இருபது அடி முன்னே காணவல்ல ஒருவர் மூன்று அடியைக் காணாது விட்டதை ஏளனம் செய்வோர் உண்டு. அது தகாது. பதினெட்டு நாட்களாகப் பதினான்கு ஆட்டங்களை ஆடிய மனம் அது. மணிக்கணக்கில் காத்துக் காத்துத் தளர்ந்த கண் அது. நாம் இதிலிருந்து பெறத்தக்க பாடம் வேறு. யானைகள் வெட்டுப்படுவதோடு கணக்கை நிறுத்தினால், நிலை சமமாகவே தோன்றும், இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டால்தான், அதாவது "இதற்குப் பிறகு அவர் என்ன செய்வார்?" என்று கேட்டால்தான், ஆபத்து கண்ணில் படும். கணக்கை எங்கே நிறுத்துவது என்பது எவ்வளவு தூரம் செல்வது என்பதைவிட முக்கியமானது. வெட்டுக்களும் செக்குகளும் ஓயாத இடையில் நிறுத்தக் கூடாது. புயல் அடங்கி நிலை அமைதியுற்ற இடத்தில் நின்று, அப்போது யார் கை ஓங்கியிருக்கிறது என்று மதிப்பிட வேண்டும்.

இன்று நம் நாட்டில் எண்ணற்ற சிறுவர் சிறுமியர் இவ்வாட்டத்தைப் பயில்கிறார்கள். "என் பிள்ளை எத்தனை நகர்த்தல் முன்னே பார்க்கிறான்?" என்று பெற்றோர் பயிற்சியாளரைக் கேட்பதுண்டு. அக்கேள்வியால் பிள்ளைகள் ஆழமாகப் பார்ப்பதாகக் காட்டிக்கொள்ளப் பழகுவார்களேயன்றி, சரியாகப் பார்க்கப் பழகமாட்டார்கள். அதற்குப் பதிலாக மூன்று பழக்கங்களை அவர்களுக்கு ஊட்டலாம். எந்த நகர்த்தலுக்கு முன்பும் இரு தரப்பிலும் உள்ள செக்குகளையும், வெட்டுக்களையும், அச்சுறுத்தல்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். எதிரியின் மிகச் சிறந்த பதிலையே எதிர்பார்க்க வேண்டும். நமக்கு வசதியான பதிலை அவர்மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது. நல்லோர் ஆடிய ஆட்டங்களைப் பலகையில் வைத்து மீண்டும் மீண்டும் ஆடிப் பார்க்க வேண்டும். உருவங்கள் மனத்தில் பதிவது அவ்வாறே. இம்மூன்றும் கைவந்தால், தூரம் தானே வந்து சேரும்.

ஒரே ஒரு நகர்த்தலைத்தான் பார்க்கிறேன் என்ற பெருவீரரின் விடை இப்போது நமக்கு வியப்பைத் தராது. அந்த ஒன்றுக்குப் பின்னால் பல்லாண்டுப் பழக்கமும், ஆயிரமாயிரம் நிலைகளின் நினைவும், தேவையற்றதை ஒதுக்கிய துணிவும், ஒதுக்கியதை மீண்டும் ஒருமுறை ஐயுற்றுப் பார்த்த பணிவும் இருக்கின்றன. அடுத்த முறை சதுரங்க வீரர் ஒருவரைச் சந்திக்கும்போது, "எத்தனை நகர்த்தல் பார்ப்பீர்கள்?" என்று கேட்பதை விடுத்து, "இந்த நிலையில் எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பயனுள்ள ஓர் உரையாடல் அங்கே தொடங்கும்.